உஷார்! சிக்கிய பிஸ்டல் காலி பிஸ்டல் அல்ல

புது பிஸ்டல் சுடும்போதே பாதியில் சிக்கிக்கொண்டதா? முதலில் விசையிலிருந்து விரலை எடுங்கள். குழல்வாய் இலக்கின் பக்கமே இருக்கட்டும். பிஸ்டலைத் திருப்பி முகத்துக்கு நேரே கொண்டுவராதீர்கள். பக்கத்தில் நிற்பவரிடம் நீட்டிக் காட்டாதீர்கள். ஏன் சிக்கியது, எப்படிச் சரிசெய்வது என்பதெல்லாம் அப்புறம்.

இவ்வளவு பதற்றம் எதற்கு? தோட்டா ஏறவில்லை, அதனால் வெடிக்கவில்லை, வெடிக்காத துப்பாக்கியால் யாருக்கு என்ன ஆபத்து என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அந்த நினைப்பில்தான் ஆபத்தே இருக்கிறது. சிக்கிய பிஸ்டலின் அறைக்குள் (சுடவிருக்கும் தோட்டா உட்காரும் இடம்) ஒரு தோட்டா பாதி நுழைந்து நிற்கலாம், முழுக்கவும் நுழைந்திருக்கலாம். மேகசினில் இன்னும் பல இருக்கலாம். வெளியே பார்க்கிறவருக்கு அது கோளாறான சாமான். உள்ளே அது தோட்டா நிரம்பிய ஆயுதம், அதுவும் அடுத்து என்ன செய்யும் என்று கணிக்க முடியாத நிலையில் இருக்கும் ஆயுதம்.

அமெரிக்காவில் சட்டைக்குள் மறைத்து எடுத்துச் செல்கிற அளவுக்குச் சின்ன பிஸ்டல்களின் காலம் இது. 2008-ல் ரூகர் எல்.சி.பி., 2012-ல் ஸ்மித் அண்ட் வெஸனின் ஷீல்டு, 2015-ல் கிளாக் 43, 2018-ல் சிக் சாவர் பி365, 2019-ல் ஸ்பிரிங்ஃபீல்டு ஹெல்கேட் என்று வரிசையாக வந்தன. 2020-ன் பெருந்தொற்றுக் காலத்தில் வாழ்க்கையில் முதல்முறையாகத் துப்பாக்கிக் கடைக்குள் நுழைந்தவர்கள் ஏராளம். முதல்முறை வாங்குகிறவர் கை பெரும்பாலும் சின்னதின் மேல்தான் போகிறது. பையில் அடங்கும், இடுப்பில் தெரியாது, பார்க்கவும் பயமுறுத்தாது. ஆனால் சுடப் பழகுவதற்கு மிகக் கடினமானதும், கையிலும் தோட்டாவிலும் சிறு குறை இருந்தாலே முரண்டு பிடிப்பதும் இந்தச் சின்னதுதான். வாங்கும்போது கடைக்காரர் இதைச் சொல்வதில்லை.

அமெரிக்காவில் இருக்கும் நம்மவர்களுக்கு இங்கே ஒரு வார்த்தை. எச்-1பி, மாணவர் விசா, சுற்றுலா விசா போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது மத்திய சட்டப்படி குற்றம். செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகள் மட்டுமே உண்டு. கிரீன் கார்டு வந்துவிட்டால் கதை வேறு. நண்பருடைய புது பிஸ்டல் சிக்குகிறது, கொஞ்சம் பார்த்துக் கொடுப்போம் என்று விசாக்காரர் கையில் வாங்குவதே சட்டச் சிக்கலை வரவழைத்துக்கொள்வதாகும்.

சின்னது ஏன் சிக்குகிறது?

உள்ளே நடப்பது தெரிந்தால்தான் எது கோளாறு, எது நம் கைவேலை என்று பிரித்துப் பார்க்க முடியும். குண்டு வெளியேறும் உதைப்பில் பிஸ்டலின் மேல்பகுதியான ஸ்லைடு பின்னால் ஓடுகிறது. ஓடும்போது எக்ஸ்ட்ராக்டர் என்கிற சிறு கொக்கி, வெற்றுக் கூட்டை அறையிலிருந்து பிடித்து இழுக்கிறது. எஜெக்டர் அதைத் தட்டி வெளியே எறிகிறது. பிறகு ஸ்பிரிங் ஸ்லைடை முன்னால் தள்ளுகிறது. போகிற போக்கில் அது மேகசினின் உச்சியில் இருக்கும் அடுத்த தோட்டாவைத் தள்ளிக்கொண்டு போகிறது. தோட்டாவின் மூக்கு, குழலின் அடியில் உள்ள ஃபீட் ராம்ப் என்னும் சரிவில் ஏறி அறைக்குள் நுழைய வேண்டும். அதன் அடி விளிம்பு கொக்கிக்குள் வழுக்கிச் செருகிக்கொள்ள வேண்டும். கடைசி மில்லிமீட்டர் வரை ஸ்லைடு மூட வேண்டும். இத்தனையும் கண் இமைக்கும் நேரத்துக்குள்.

முழு அளவு கிளாக் 17-ன் குழல் சுமார் 114 மி.மீ. நீளம். பி365-ன் குழல் சுமார் 79 மி.மீ. தோட்டா இரண்டுக்கும் ஒன்றுதான், அதே 9 மி.மீ. லூகர். உதைப்பு குறையவில்லை. அதை வாங்கிக்கொள்ளும் ஸ்லைடுதான் இலேசாகிவிட்டது, அது ஓடுவதற்கான தூரமும் குறைந்துவிட்டது. அதை ஈடுகட்ட ஸ்பிரிங்கை முரடாக வைக்கிறார்கள். ஸ்லைடு வேகமாகப் போய் வேகமாகத் திரும்புகிறது. அந்த இடைவெளிக்குள் மேகசினின் ஸ்பிரிங் அடுத்த தோட்டாவைச் சரியான உயரத்துக்குத் தூக்கி வைத்தாக வேண்டும். கொஞ்சம் தாமதித்தாலும் தோட்டாவின் மூக்கு தாழ்ந்து சரிவில் முட்டி நிற்கும். இன்னும் தாமதித்தால் ஸ்லைடு தோட்டாவின் தலைக்கு மேலேயே தாண்டிப் போய்விடும். பெரிய பிஸ்டல் மன்னித்துவிடும் சிறு குறைகளை, நேரம் இல்லாத காரணத்தால் சின்னது மன்னிப்பதில்லை.

இதில் கையின் பங்கு மிகப் பெரியது. ஸ்லைடு பின்னால் ஓட வேண்டுமானால் கீழ்ப்பகுதி அசையாமல் நிற்க வேண்டும். அதை நிறுத்தி வைப்பது உங்கள் மணிக்கட்டு. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடியைக் காலால் மிதிக்காமல் அடித்துப் பாருங்கள், பம்பே ஆடும், டயருக்குள் காற்று போகாது. மணிக்கட்டைத் தளர விட்டுச் சுடும்போது அப்படித்தான் ஆகிறது. உதைப்பு மொத்தமும் கையோடு போய்விட, ஸ்லைடு முழு தூரம் ஓடாமல் பாதியில் திரும்புகிறது. வெற்றுக் கூடு வெளியேற முடியாமல் புகைக்குழாய் போலச் செங்குத்தாக மாட்டிக்கொள்ளும், அல்லது அடுத்த தோட்டா ஏறாது. சின்ன பிஸ்டல் பலவற்றில் சுண்டுவிரலுக்குப் பிடிக்க இடமே இருக்காது. பிடி தானாகத் தளர்கிறது. புது பிஸ்டல் கெட்டது என்று திட்டுவதற்கு முன், அனுபவமுள்ள ஒருவர் அதே பிஸ்டலை, அதே மேகசினை, அதே தோட்டாவை வைத்துச் சுட்டுப் பார்ப்பது நல்லது. அவர் கையில் ஒழுங்காக ஓடினால் பதில் கிடைத்துவிட்டது.

கட்டைவிரலும் குறும்பு செய்யும். சின்ன பிஸ்டலில் இடம் நெருக்கம் என்பதால், பக்கவாட்டில் இருக்கும் ஸ்லைடு ஸ்டாப் நெம்பு மேல் கட்டைவிரல் சாய்ந்துவிடும். கீழ்நோக்கி அழுத்தினால், தோட்டா தீர்ந்த பிறகும் ஸ்லைடு திறந்து நிற்காது. மேல்நோக்கித் தள்ளினால், தோட்டா இருக்கும்போதே திறந்து நின்றுவிடும். இரண்டையும் 'கோளாறு' என்று எழுதிக் கம்பெனிக்கு அனுப்பிவைக்கிறவர்கள் உண்டு.

அந்த அரை நிமிடம்

சிக்கல் சாதாரணமாக இருக்கலாம். சிக்கிய அடுத்த அரை நிமிடத்தில் கைகள் என்ன செய்கின்றன என்பதுதான் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் இடையிலான வித்தியாசம்.

"மச்சான், இங்க பாரேன், சிக்கிக்கிச்சு" என்று சொல்லிக்கொண்டே உடம்போடு சேர்ந்து பிஸ்டலும் திரும்பும். ரேஞ்சில் மிக அதிகமாகப் பதறவைக்கும் காட்சி இதுதான். வரிசையில் நிற்கும் அத்தனை பேர் வயிற்றையும் குழல்வாய் வருடிக்கொண்டு போகும். உதவி வேண்டுமென்றால் பிஸ்டலை இலக்குப் பக்கம் நீட்டியபடியே, இன்னொரு கையை உயர்த்தி ரேஞ்ச் அதிகாரியைக் கூப்பிடுங்கள். அவர் உங்களிடம் வரட்டும். பிஸ்டல் அவரிடம் போக வேண்டாம்.

அடுத்தது வரிசை. மேகசினை முதலில் கழற்ற வேண்டும், ஸ்லைடை இழுப்பது அதன் பிறகு. வரிசை மாறினால், ஸ்லைடை இழுத்ததும் உள்ளே இருந்தது வெளியே விழும், மேகசினிலிருந்து இன்னொன்று ஏறிக்கொள்ளும். கீழே விழுந்ததைப் பார்த்தவர் பிஸ்டல் காலி என்று முடிவு கட்டிவிடுவார். மேகசினைக் கழற்றிய பிறகும் ஸ்லைடைப் பலமுறை இழுத்து, திறந்து பூட்டி, கண்ணால் பார்த்து, வெளிச்சம் போதாவிட்டால் சுண்டுவிரலை விட்டு அறையைத் தடவிப் பார்க்க வேண்டும். இரண்டு தோட்டாக்கள் ஒன்றன் பின் ஒன்றாக முட்டிக்கொண்டு நிற்கும் சிக்கலில் மேகசின் எளிதில் வராது. அப்போது ஸ்லைடைத் திறந்து பூட்டிக்கொண்டு, பிறகு மேகசினைப் பிடுங்க வேண்டும். அந்த இழுபறியில் விரல் தன்னை அறியாமல் விசைக்குள் போகும். கவனம்.

உஷார் என்ற சொல்லை இரண்டு முறை எழுத வேண்டிய இடம் இனிதான் வருகிறது. சுடும்போது வழக்கமான வெடிச்சத்தத்துக்குப் பதிலாக மெல்லிய 'பொப்' சத்தம் மட்டும் கேட்டு, உதைப்பும் இல்லாமல் போனால், உடனே நிறுத்துங்கள். மருந்து குறைவாக இருந்த, அல்லது மருந்தே இல்லாத தோட்டாவாக இருக்கலாம். தோட்டாவின் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் பிரைமரின் வேகத்தில் மட்டும் கிளம்பிய குண்டு குழலுக்குள் பாதியில் நின்றிருக்கலாம். இதை ஸ்குவிப் என்பார்கள். அவ்வளவு பலமில்லாத வெடிப்பில் ஸ்லைடு முழுக்க ஓடாது. பார்க்கிறவருக்கு அது சாதாரணச் சிக்கல் போலவே தெரியும். மேகசினைத் தட்டு, ஸ்லைடை இழு, மறுபடி சுடு என்று பழக்கிய கை தானாகவே அதைச் செய்யும். அடைபட்ட குழலுக்குள் அடுத்த குண்டு போய் மோதினால் குழல் வீங்கும், இல்லையென்றால் வெடிக்கும். வெடிக்கிற இடத்தில் உங்கள் விரல்களும் முகமும் இருக்கும். 9 மி.மீ. லூகர் தோட்டாவுக்கு அமெரிக்க உற்பத்தியாளர் அமைப்பு வகுத்திருக்கும் உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 35,000 பவுண்டு. வெளியேற வழியில்லாவிட்டால் அது எங்கே போகும்?

தட்டு, இழு, சுடு என்ற அந்தப் பயிற்சி, உயிருக்கு ஆபத்தான நேரத்துக்காக உருவாக்கப்பட்டது. காகித இலக்கின் முன்னால் புது பிஸ்டலைச் சோதித்துக்கொண்டிருப்பவருக்கு யாரும் அவசரம் கொடுக்கவில்லை. சத்தத்தில் சந்தேகம் வந்தால் பிஸ்டலைக் காலிசெய்து, பிரித்து, குழலைப் பின்பக்கத்திலிருந்து வெளிச்சத்தில் பார்த்த பிறகுதான் அடுத்த தோட்டா.

விசையை அழுத்தியும் வெறும் 'க்ளிக்' மட்டும் கேட்டால் அது வேறு. பிரைமர் தாமதமாகப் பற்றக்கூடும். குறைந்தது 30 விநாடி இலக்குப் பக்கமே பிடித்துக்கொண்டு காத்திருங்கள். உடனே ஸ்லைடைத் திறந்து, தோட்டாவைக் கையில் எடுத்து, என்ன ஆயிற்று என்று உற்றுப் பார்க்கும்போது அது வெடித்தால், குழல் என்கிற கவசம்கூட இருக்காது.

வெடிக்காத தோட்டாவைக் கீழே விழாமல் பிடிக்க வேண்டும் என்று கூடு வெளியேறும் வாயை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு ஸ்லைடை இழுக்கும் பழக்கம் சிலருக்கு இருக்கிறது. பார்க்க லாவகமாக இருக்கும். ஆனால் பொத்திய கையில் முட்டித் திரும்பும் தோட்டாவின் பிரைமர், எஜெக்டரின் முனையில் மோதி வெடித்து உள்ளங்கை கிழிந்த விபத்துகள் நடந்திருக்கின்றன. ஒரு தோட்டாவின் விலை உள்ளங்கையைவிடப் பெரிதல்ல. விழட்டும்.

ஸ்லைடு ஒரு நூல் அளவுக்கு மூடாமல் நின்றால் உள்ளங்கையால் ஓங்கித் தட்டி மூடுவதும் வேண்டாம். ஏதோ தடுக்கிறது என்றால் அது ஏன் தடுக்கிறது என்று பார்க்க வேண்டும். அழுக்காக இருக்கலாம், அளவு மாறிய தோட்டாவாகவும் இருக்கலாம். கண்ணாடியும் காதுக்கவசமும் இல்லாமல் இதில் எதையும் செய்யக் கூடாது என்பதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

சமையலறை மேஜை ரேஞ்ச் அல்ல

வீட்டுக்கு வந்த பிறகு நடப்பது இன்னும் மோசம். ராத்திரி சாப்பாடு முடிந்ததும் மேஜையில் துணி விரித்து, நிஜத் தோட்டா நிரப்பிய மேகசினைச் செருகி, ஸ்லைடை இழுத்து இழுத்து, ஏறுகிறதா என்று சோதிக்கிறார்கள். ஒவ்வொரு இழுப்பிலும் ஒரு தோட்டா அறைக்குள் போகிறது. பக்கத்து அறையில் குழந்தை தூங்குகிறது. அமெரிக்க வீடுகளின் உட்சுவர் பெரும்பாலும் மரச்சட்டமும் ஜிப்சம் பலகையும். 9 மி.மீ. குண்டுக்கு அது சுவரே அல்ல.

இந்தச் சோதனையால் தோட்டாவும் கெடுகிறது. ஒரே தோட்டாவைத் திரும்பத் திரும்ப அறைக்குள் ஏற்றினால், ஒவ்வொரு முறையும் சரிவில் மோதி, குண்டு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுக்குள் அமுங்குகிறது. உள்ளே இடம் குறையக் குறைய, வெடிக்கும்போது அழுத்தம் எகிறும். புதுத் தோட்டாவோடு பக்கத்தில் நிறுத்தி உயரம் பாருங்கள். குட்டையாகத் தெரிந்தால் அதைச் சுடாதீர்கள். ரேஞ்சில் இதற்கென வைத்திருக்கும் பெட்டியில் போடுங்கள்.

அதோடு, கையால் இழுத்துப் பார்ப்பது சுடும்போது நடப்பதைக் காட்டுவதே இல்லை. வீட்டில் சத்தம் வராமல் ஸ்லைடை மெல்லப் பிடித்து முன்னால் கொண்டுபோவார்கள். ஸ்பிரிங்கின் முழு வேகம் இல்லாவிட்டால் நல்ல பிஸ்டலும் கடைசி மில்லிமீட்டரில் மூடாமல் நிற்கும். இல்லாத கோளாறைக் கண்டுபிடித்து, இருக்கிற பிஸ்டலை அறுக்கத் தொடங்குவது இங்கேதான். வீட்டில் பழகியே ஆக வேண்டுமென்றால் மருந்தில்லாத பயிற்சித் தோட்டாக்கள் கடையில் கிடைக்கின்றன. நிஜத் தோட்டாவை நீங்கள் பழகும் அறைக்கு வெளியே வைத்துவிட்டு அவற்றைப் பயன்படுத்துங்கள்.

பிரித்துச் சுத்தம் செய்யும்போதும் ஒரு கண்ணி இருக்கிறது. கிளாக் உட்படச் சில பிஸ்டல்களைப் பிரிப்பதற்கு விசையை ஒருமுறை அழுத்தியாக வேண்டும். அறை காலிதானா என்று பார்க்காமல் அழுத்தினால் சுடும். அதனால் மேகசின், அறை, மறுபடியும் அறை, அதன் பிறகு விசை. அப்போதும் குழல்வாய் எதை நோக்கியிருக்கிறது என்று யோசித்துத்தான்.

அப்படியென்றால் எதைத்தான் செய்வது? செய்ய வேண்டியது சலிப்பூட்டும் அளவுக்கு எளிது. பெட்டியிலிருந்து எடுத்த பிஸ்டலில் இருப்பது துரு பிடிக்காமல் பூசிய காப்பு எண்ணெயாக இருக்கலாம். சுடுவதற்கான மசகெண்ணெய் என்று நம்பி அப்படியே ரேஞ்சுக்குக் கொண்டுபோகாதீர்கள். துடைத்து, கையேட்டில் சொன்ன இடத்தில் மட்டும், சொன்ன அளவு எண்ணெய் விடுங்கள். பிரைமரைக் குத்தும் ஊசி ஓடும் துளைக்குள் எண்ணெயைக் கொட்டினால் தூசியும் கரியும் சேர்ந்து ஊசியின் வேகத்தைத் தின்றுவிடும். பிறகு 'க்ளிக்' மட்டும்தான்.

மேகசின்களின் அடியில் 1, 2, 3 என்று எண் எழுதிவையுங்கள். சிக்கல் வரும்போதெல்லாம் எந்த எண், எத்தனையாவது தோட்டா, எந்த கம்பெனி தோட்டா, ஸ்லைடு எங்கே நின்றது என்று குறித்துக்கொள்ளுங்கள். முடிந்தால் பிஸ்டலை அசைக்காமல் பக்கத்தில் நிற்பவர் ஒரு படம் எடுக்கட்டும். எல்லாச் சிக்கலும் இரண்டாம் எண்ணில்தான் என்றால் பிஸ்டல் நிரபராதி, மேகசினின் உதடு வளைந்திருக்கிறது அல்லது அதன் ஸ்பிரிங் சரியில்லை. முழுக்க நிரப்பிய மேகசினில் முதல் தோட்டா மட்டும் சிக்கினால், புது ஸ்பிரிங்கின் இறுக்கம் காரணமாக இருக்கலாம். நிரப்பிய மேகசினை மட்டும் தனியாகப் பூட்டிச் சில நாள் வைத்திருந்தாலே தளர்ந்து வழிக்கு வருவதுண்டு. மேகசின் சரியாகச் செருகிப் பூட்டாமல் தொங்கிக்கொண்டிருப்பதும் அடிக்கடி நடப்பது. மலிவாகக் கிடைத்த வேறு கம்பெனி மேகசினை வைத்துக்கொண்டு பிஸ்டலைக் குறை சொல்லாதீர்கள்.

தோட்டாவை மாற்றிப் பாருங்கள். பெயர்பெற்ற கம்பெனியின், பித்தளைக் கூடு கொண்ட, உருண்டை மூக்குள்ள, 115 அல்லது 124 கிரெயின் எடைக் குண்டு கொண்ட தோட்டாதான் சோதனைக்கு ஏற்றது. அகல வாய் கொண்ட ஹாலோ பாயின்ட் குண்டுகள் சரிவின் விளிம்பில் மாட்டுவதுண்டு. யாரோ வீட்டில் மறுபடி மருந்து நிரப்பிய தோட்டாவைப் புது பிஸ்டலில் போடவே போடாதீர்கள். பெயரிலும் ஏமாறாதீர்கள். '9 மி.மீ. குர்ட்ஸ்', '9 மி.மீ. கோர்ட்டோ' என்று பெட்டியில் இருந்தால் அது .380 ஏ.சி.பி., அதன் கூடு 17 மி.மீ. நீளம். லூகருடையது 19. மக்காரோவ் என்று இன்னொரு 9 இருக்கிறது, 18 மி.மீ. கூடு, குண்டும் சற்றுத் தடிமன். குழலில் பொறித்திருப்பதும், தோட்டாவின் அடியில் பொறித்திருப்பதும் ஒன்றுதானா என்று பார்க்காமல் மேகசினை நிரப்பக் கூடாது.

முதல் சில நூறு தோட்டாக்களுக்குள் சில சிக்கல்கள் தாமாகவே மறைவதும் உண்டு. சின்ன பிஸ்டல்களுக்குப் பெயர்போன கார் ஆர்ம்ஸ் நிறுவனம் தன் கையேட்டிலேயே, 200 தோட்டா சுடும்வரை இந்த பிஸ்டலைத் தற்காப்புக்கு நம்பாதீர்கள் என்று எழுதியிருக்கிறது. நேர்மையான வாசகம். அதை மற்ற சின்ன பிஸ்டல்களுக்கும் பொருத்திக்கொள்வதில் தவறில்லை. சிக்கிக்கொண்டிருக்கும் பிஸ்டலை இடுப்பில் செருகிக்கொண்டு கடைவீதிக்குப் போவது பாதுகாப்பு என்று நினைத்தால், அது வெறும் எடை மட்டுமே.

இத்தனைக்கும் பிறகு சிக்கினால்? அரத்தைத் தொடாதீர்கள். சரிவைப் பளபளவென்று தேய்த்தால் தோட்டா வழுக்கிக்கொண்டு போகும் என்று சொல்லி, சுழல் கருவியை எடுத்து அறையின் வாயைத் தேய்த்துவிடுகிறார்கள். அந்த இடத்தில் உலோகம் குறைந்தால் கூட்டின் அடிப்பகுதிக்குத் தாங்கல் இல்லாமல் போகும். வெடிக்கும்போது பித்தளை அங்கே கிழிந்து, கொதிக்கும் வாயு மேகசின் வழியே கீழே, உங்கள் கைக்குள் பாயும். ஸ்பிரிங்கை வெட்டுவது, கொக்கியை ராவுவது எல்லாம் இதே ரகம். வாரண்டியும் போய்விடும். குறிப்பு எழுதிய தாளோடு உற்பத்தியாளருக்கு அனுப்புங்கள். அமெரிக்கச் சட்டப்படி உரிமையாளர் பழுதுக்காக நேரடியாக உற்பத்தியாளருக்கு அனுப்பலாம், அவர்களும் நேராக வீட்டுக்கே திருப்பி அனுப்பலாம். கைத்துப்பாக்கியை எந்த வழியில் அனுப்புவது என்பதற்குத் தனி விதிகள் உண்டு. அவர்களுக்கே போன் செய்து, அவர்கள் சொல்லும் முறையில், அவர்கள் தரும் லேபிள் ஒட்டி அனுப்புவதே வம்பில்லாதது. மேகசின்களையும் சேர்த்து அனுப்புங்கள், தோட்டாவை அல்ல.

எப்போதும் கைதான் காரணம் என்றும் நம்பிவிடாதீர்கள். கம்பெனியே சொதப்பிய கதைகள் பதிவில் இருக்கின்றன. 2014-ன் தொடக்கத்தில் ரெமிங்டன், ஆர்51 என்ற சின்ன 9 மி.மீ. பிஸ்டலைப் பெரும் விளம்பரத்தோடு கொண்டுவந்தது. துப்பாக்கி வடிவமைப்பாளர் ஜான் பெடர்சன் சுமார் நூறாண்டுக்கு முன் வடிவமைத்த மாடல் 51-ன் மறுபிறப்பு. வாங்கியவர்களுக்குத் தோட்டா ஏறவில்லை. ஸ்லைடு முழுக்க மூடாமலே சுடுவதாகவும் புகார்கள் வந்தன. சில மாதங்களிலேயே நிறுவனம் விற்பனையை நிறுத்தி, மாதிரிப் பிஸ்டலில் இருந்து பெருமளவு உற்பத்திக்குப் போனபோது சிக்கல் வந்துவிட்டது என்று ஒப்புக்கொண்டு, திருப்பித் தருபவர்களுக்குப் புதியது தருவதாகச் சொன்னது. திருத்திய ஆர்51 கடைக்கு வர 2016 ஆயிற்று. அந்த இடைக்காலத்தில் எத்தனை பேர் தங்கள் மணிக்கட்டையே குறை சொல்லிக்கொண்டு சுட்டிருப்பார்கள்!

அதற்கு முன்னால், 2013 ஆகஸ்டில் ஸ்பிரிங்ஃபீல்டு ஆர்மரி தன் எக்ஸ்.டி.-எஸ். பிஸ்டல்களைத் திரும்ப அழைத்தது. தோட்டா ஏற்றுவதற்காக ஸ்லைடை விடும்போதே, மிக அரிதாக, தானாக வெடிக்கக்கூடும் என்பதும், ஒருமுறை அழுத்தினால் இருமுறை சுடக்கூடும் என்பதும் காரணம். மேலே சொன்ன சமையலறை மேஜையை இப்போது நினைத்துப் பாருங்கள். அதே மாதத்தில் ஸ்மித் அண்ட் வெஸன், ஷீல்டு பிஸ்டல்களைப் பரிசோதிக்கச் சொன்னது. 2020 நவம்பரில் அதே நிறுவனத்தின் 9 மி.மீ. ஷீல்டு ஈ.இசட். திரும்ப அழைக்கப்பட்டது. அந்த ஆண்டு மார்ச் முதல் அக்டோபர் வரை செய்த பிஸ்டல்களில் சிலவற்றின் சுத்தியல் பகுதியில் விரிசல் வரலாம் என்றார்கள். எல்.சி.பி.யும் தப்பவில்லை. வெளிவந்த 2008-லேயே, தோட்டாவோடு கீழே விழுந்தால் வெடிக்கலாம் என்று ரூகர் அதைத் திரும்ப வாங்கிச் சரிசெய்தது.

இந்த அழைப்புகள் அத்தனையும் கம்பெனிகள் தாமாக விடுத்தவை. அமெரிக்காவில் மிக்ஸி, தொட்டில், பொம்மை என்று எதில் கோளாறு வந்தாலும் தலையிடும் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்துக்குத் துப்பாக்கி விஷயத்தில் அதிகாரம் இல்லை. அந்த ஆணையத்தை உருவாக்கிய 1972-ம் ஆண்டுச் சட்டமே துப்பாக்கியைத் தன் வரம்புக்கு வெளியே வைத்துவிட்டது. உங்கள் பிஸ்டலில் கோளாறு என்று தெரிந்தாலும், அதைத் திரும்பப் பெறு என்று உத்தரவிட்டு உங்கள் வீட்டுக்குக் கடிதம் அனுப்ப வைக்கும் அரசு அலுவலகம் அங்கே கிடையாது. ஒருவர் கை மாறி வாங்கியது என்றால் கம்பெனிக்கு உங்கள் முகவரியும் தெரியாது.

எனவே அடுத்த முறை ரேஞ்சுக்குக் கிளம்புமுன் பிஸ்டலைக் காலிசெய்து, சீரியல் எண்ணைக் குறித்துக்கொண்டு, உற்பத்தியாளரின் பாதுகாப்பு அறிவிப்புப் பக்கத்தில் சரிபாருங்கள். பட்டியலில் எண் இருந்தால், சிக்காமல் சுட்டாலும்கூட, அதில் இன்னொரு தோட்டாவை ஏற்றாதீர்கள்.